இது கூப்பிடும் கடிதம் அல்ல

காஜா பெராங்,
மலாக்கா.
20-10-1957

சௌபாக்கியவதி சிவகாமசுந்தரிக்கு மாணிக்கவாசகம் எழுதுவது.

நலம் என்று தொடங்குவது முறை என்பதால் நலம் என்று எழுதுகிறேன். நீயும் நலமாக இருக்க முருகன் துணை.

நீ சிங்கப்பூருக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனாய். பிரசவம் முடிந்தது, பெற்றவள் எழுந்து நடமாடுகிறாள், குழந்தை குப்புற விழுகிறது என்றெல்லாம் நீயே எழுதச் சொல்லியிருக்கிறாய். அதற்கு மேலும் அங்கே உனக்கு என்ன வேலை என்று நான் கேட்கப் போவதில்லை. பஸ் ஏறும்போது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. கடிதத்தில் கூப்பிட்டால் வரமாட்டேன், நேரில் வந்து மகள் வீட்டு வாசற்படியை மிதித்துக் கூப்பிட்டால்தான் வருவேன் என்றாய். முப்பத்துநாலு வருஷத்தில் நீ எனக்குப் போட்ட முதல் நிபந்தனை அது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கூப்பிடும் கடிதம் அல்ல. செய்தி சொல்லும் கடிதம்.

உனக்குப் படிக்கத் தெரியாது. நான் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தபோதெல்லாம் உனக்கு அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது. ஆகவே இதை உன் மகள்தான் படித்துக் காட்டுவாள். அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான், மளிகைக் கடையில் பொட்டலம் கட்டி வந்த பத்திரிகைத் துண்டுகளை வைத்து. நான் கற்றதும் அப்படித்தான். எந்தப் பள்ளிக்கூடமும் எனக்கு ஓர் எழுத்துக்கூடத் தந்ததில்லை. படிக்கிறவர்கள் எழுதியிருப்பதை மட்டும் படிக்கட்டும். கூட்டவும் வேண்டாம், விழுங்கவும் வேண்டாம். நாலு வருஷமாக நான் அவளோடு பேசவில்லை. இதுவும் பேச்சாகாது.

வீடு அப்படியே இருக்கிறது. கிணற்றுப் பக்கத்துக் கூரைத் தகரம் ஒழுகுகிறது. சமையல் நானேதான். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இன்று வடித்தது நாளைக்கும் இருக்கிறது. நாளைக்கு அதைப் பார்த்தால் பசி போய்விடுகிறது. தண்ணீர் கொதிக்க வைத்ததை மறந்து இரண்டு கெட்டில் அடி ஓட்டையாகிவிட்டது. தூக்கமும் முன்போல் இல்லை. சில சமயம் ஒரு காரணமும் இல்லாமல் நெஞ்சுக்குள் யாரோ சரளைக் கல் உடைப்பது போல அடித்துக்கொள்கிறது. வயது அறுபத்துநாலு. இதையெல்லாம் பெரிதாக எழுதக் கூடாது.

ஆகஸ்டு மாதம் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தது எப்படி இருந்தது என்று கேட்டிருந்தாய். பக்கத்து வீட்டு ரேடியோவை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அந்தப் பக்கம் வந்து உட்காரச் சொன்னார்கள். போகவில்லை. இந்தப் பக்கமே நன்றாகக் கேட்டது.

இப்போது முக்கியமான செய்தி. என்னைப் போல நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர்கள் இந்த நாட்டுப் பிரஜை ஆக வேண்டுமானால் விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். போன வாரம் போனேன். பெரிய வரிசை. குமாஸ்தா கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன். பதினோரு வயதில் வந்தேன், தோட்டத்தில் புல் வெட்டினேன், பிறகு பி.டபிள்யூ.டி. ரோட்டு வேலையில் சேர்ந்து இருபது ஆளை மேய்க்கும் மண்டோராக இருந்தேன், நீங்கள் சைக்கிளில் வந்த ரோடு நான் போட்டது என்றேன். பெண்சாதி பேர் கேட்டார், சொன்னேன். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒன்று என்று சொன்னால் நாலு வருஷமாகப் பிடித்து வைத்திருப்பதை ஒரு குமாஸ்தாவின் மேஜையில் விட்டுவிட்டு வருவதாகும். இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. பின்னால் நின்ற ஒருவன், பெருசு, பாரம் எழுத வந்தியா, நின்னுக்கிட்டே தூங்க வந்தியா என்றான். காது இரண்டும் சூடாகியது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ரிக்‌ஷாவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

டாக்டர் குழாயை வைத்துப் பார்த்து, நெஞ்சில் கோளாறு இல்லை, ரத்த அழுத்தம்தான் கூடுதல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அங்கே தேவதாஸ் என்று ஒரு டிரஸ்ஸர், உஜோங் பாசிர் பக்கத்து ஆள். கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்து, நூற்றுத் தொண்ணூறு என்றார். அரை மணி நேரம் பெஞ்சியில் உட்கார வைத்து மறுபடி பார்த்தார். நூற்று எழுபது என்றார். அரை மணிக்குள் இருபது குறையுமானால் மிஷின் பழுது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, மிஷின் சரியாத்தான்யா இருக்கு, அரை மணி நேரமா நீங்க யார்கூடவும் சண்டை போடல, அதான் என்றார்.

பிறகு அவர் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. போன வாரம் எத்தனை பேரோடு பேசினீர்கள், சண்டையைக் கணக்கில் சேர்க்காமல் சொல்லுங்கள் என்றார். யோசித்துப் பார்த்தேன். துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோயில் குருக்கள் திருநீறு கொடுத்தபோது பேர் கேட்டார், சொன்னேன். வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. படுக்கும்போது என்ன நினைப்பீர்கள் என்று கேட்டார். எது நியாயம் என்று நினைப்பேன் என்றேன். படுத்துக்கிட்டே கேஸ் நடத்தாதீங்கய்யா, எதிராளி அங்க இல்ல, அடி வாங்குறது உங்க உடம்புதான் என்றார். ஒரு வேளையாவது யாருடனாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். காலையில் கடற்கரைப் பக்கம் நடக்க வேண்டுமாம். மருந்து கேட்டால் புத்திமதி தருகிறார்கள். அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது.

பாரத்தை முடிக்கவில்லை. வரிசையில் மறுபடி நிற்க எனக்கு மனம் இல்லை. இந்த விவரமெல்லாம் நீ பயப்படுவதற்காக எழுதவில்லை. பிறத்தியார் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக.

இப்படிக்கு,
பொ. மாணிக்கவாசகம்


காஜா பெராங்,
மலாக்கா.
1-12-1957

சௌபாக்கியவதி சிவகாமசுந்தரிக்கு மாணிக்கவாசகம் எழுதுவது.

உன் பதில் கிடைத்தது. எல்லோரும் நலம் என்று ஒரு வரி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி. மூன்றாவது வரியில், மருந்து ஒன்றும் தரவில்லையா என்று கேட்டு அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. கோடு போடச் சொன்னது நீயா? எனக்குத் தெரிய வேண்டியதில்லை. மருந்து தந்திருக்கிறார்கள். வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று. சாப்பிடுகிறேன்.

இங்கே விடாத மழை. வடிகால் நிரம்பி வாசல் வரை தண்ணீர் வந்து போனது. என் காலத்தில் அந்த வடிகால் அடைத்ததே இல்லை. டவுன் போர்டுக்கு எழுதிப் போட்டேன். பதில் இல்லை.

உன் மகளின் மாமியார் பொன்னம்மாவைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. பெயரை எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். போன மாதம் ஒரு காலை அந்த அம்மாள் கேட்டில் வந்து நின்றாள், கையில் சோறு வைத்த அடுக்குச் சட்டி. நான் உள்ளே இருந்து பார்த்தேன். உள்ளே வரச் சொல்லவில்லை. கேட்டுத் தூணின் மேல் வைத்துவிட்டுப் போனாள். நான் தொடவில்லை. சாயங்காலம் வந்து எடுத்துப் போனாள். மறுநாள் மறுபடியும் கொண்டு வந்தாள். ஆறு நாள் இப்படி நடந்தது. என்னை விடப் பிடிவாதமான ஒரு மனுஷியை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை.

நான் ஏன் தொடவில்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறை எழுதிவிடுகிறேன், நீ எப்போதும் என் பக்கத்தைச் சரியாகக் கேட்டதில்லை. அந்த அம்மாளும் அவள் புருஷன் அப்புவும் பெண் கேட்டு வந்தபோது நான் உட்காரச் சொல்லவில்லை என்பது உண்மை. அவர் துணி போட்டு மூடிய வெற்றிலைத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கேட்டுக்கு வெளியே கால் மணி நேரம் வெயிலில் நின்றார். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. வீட்டில் ஒருவருக்கும் தமிழ் பேசத் தெரியாது, சாமி கும்பிடுவதைத் தவிர மற்றதெல்லாம் மலாய், அந்த வீட்டில் என் பெண் யாரோடு பேசுவாள் என்று கேட்டேன். அது தப்பா? தோட்டத்தில் புல் வெட்டின கையால் தடவித் தடவி எழுத்துக் கற்றவன் நான். முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன் நம் ஊர்ப் பக்கமிருந்தே வந்து பாஷையைத் தொலைத்தவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும். அவர் சிரித்துக்கொண்டே, பரவாயில்லை என்று மலாயில் சொல்லிவிட்டுத் தட்டோடு திரும்பிப் போனார். பிறகு கல்யாணம் நடந்தது, என் சம்மதம் இல்லாமல். நீ போனாய். நான் போகவில்லை. மாரியம்மன் கோயில் நாதஸ்வரம் வீடு வரை கேட்டது. அடுத்த மூன்றாவது வருஷம் அவர் இறந்தார். அதற்கும் நான் போகவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

ஏழாம் நாள் அந்த அம்மாள் அடுக்குச் சட்டியோடு ஒரு கூடைப் புளியும் கொண்டு வந்து வைத்தாள். கேட்டில் நின்றபடியே உள்ளே பார்த்துச் சத்தமாகப் பேசினாள். தமிழில் பேசினாள். சம்பந்தி, இந்தப் புளிக்குக் கொட்டை எடுக்க ஆள் இல்ல லா, எடுத்துக் கொடுங்க, அதுக்குக் கூலிதான் சோறு, சும்மா கொடுத்தா சாப்பிட மாட்டீங்கன்னு கோகிலா லெட்டர் போட்டுச்சு என்றாள்.

உன் மகள் மாமியாருக்கு மலாயில் கடிதம் போடுவது எனக்கு அப்போதுதான் தெரியும். என்னைப் பற்றி ஊருக்கெல்லாம் எழுதுகிறாள்.

தமிழ் எங்கே கற்றாய் என்று உள்ளே இருந்தே கேட்டேன். இங்க ரெண்டு வருசம் இருந்தப்ப கோகிலாதான் சொல்லிக் கொடுத்துச்சு, கொஞ்சூண்டு வரும் லா என்றாள். சிவகாமசுந்தரி, அந்தக் கொஞ்சூண்டு உன் வீட்டுச் சொல். உன்னைத் தவிர யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. உன்னிடமிருந்து உன் மகளுக்குப் போனது. மூன்று வயதில், வெல்லம் இன்னும் கொஞ்சூண்டு என்று கையை நீட்டுவாள். மலாய் பேசியே வளர்ந்த அறுபது வயதுக்காரி ஒருத்தி கேட்டுக்கு வெளியே நின்று அதே இழுப்போடு அதைச் சொல்கிறாள்.

புளியை உரித்துக் கொட்டை எடுத்தேன். கூலிக்கு வேலை செய்வதில் எனக்கு வெட்கம் இல்லை. முற்பகல் முழுவதும் ஆனது. விரலெல்லாம் பிசுபிசுப்பு. அந்த நேரம் முழுவதும் எது நியாயம் என்று நான் யோசிக்கவில்லை என்பது வேலை முடிந்து கை கழுவும்போதுதான் தெரிந்தது. பிறகு சாப்பிட்டேன். மீன் குழம்பில் புளி குறைவு, காரம் அதிகம். முழுவதும் சாப்பிட்டேன். அன்றிலிருந்து ஒருநாள் புளி, ஒருநாள் சின்ன வெங்காயம், ஒருநாள் கச்சான் கடலை என்று ஏதாவது ஒன்று வருகிறது. கேட்டைத் தாண்டி அவளும் வரவில்லை, நானும் போகவில்லை.

காலையில் கடற்கரை வரை நடக்கிறேன். டிரஸ்ஸர் சொன்னதற்காக அல்ல. ரோடு எந்த இடத்தில் பெயர்ந்திருக்கிறது என்று யாராவது பார்க்க வேண்டும்.

இதுவும் கூப்பிடும் கடிதம் அல்ல.

இப்படிக்கு,
பொ. மாணிக்கவாசகம்


காஜா பெராங்,
மலாக்கா.
18-1-1958

சௌபாக்கியவதி சிவகாமசுந்தரிக்கு மாணிக்கவாசகம் எழுதுவது.

பொங்கலுக்கு நீ அனுப்பிய வேட்டி வந்தது. கரை சின்னது, எனக்குப் பிடித்த மாதிரி. இங்கே நடந்த ஒன்றை உனக்கு நான்தான் முதலில் சொல்ல வேண்டும். சம்பந்தியம்மாள் முந்திக்கொண்டு எழுதியிருந்தால் அதில் பாதிதான் உண்மை இருக்கும், மீதி சிரிப்பாக இருக்கும்.

போகிக்கு நாலு நாள் முன்னால் வெங்காயக் கூடை வைக்க வந்தவள், திங்கக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுல பர்ச்சு, நீங்க வந்து சாப்பிடணும், வரலேன்னா கோகிலாவுக்கு லெட்டர் போடுவேன் என்றாள். பர்ச்சு என்றால் அவர்கள் பாஷையில் விருந்து என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருஷம் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தும் அவர்கள் வீட்டுப் படியை நான் மிதித்ததில்லை. பர்ச்சு என்றால் என்ன என்று யாரையும் கேட்டதும் இல்லை.

போவதா வேண்டாமா என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டே சமைக்காமல் விட்டுவிட்டேன். முதல்நாள் இரவும் சாப்பிடவில்லை. பன்னிரண்டரை மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன். தெருவில் நாலு பேர் பார்க்க முன்வாசல் வழியாக அந்த வீட்டுக்குள் போக எனக்கு மனம் வரவில்லை. பின்பக்கச் சந்து வழியாகப் போனேன். சமையலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. சம்பந்தியம்மா என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். பதில் இல்லை. கூடத்துக்குள் போனேன்.

கூடத்தில் வரிசையாக ஏழு வாழை இலை. எல்லாவற்றிலும் பரிமாறியிருந்தது. தேங்காய்ப்பால் சோறு, மீன், கோழி, சம்பல், கத்தரிக்காய், இனிப்பு உருண்டை, எல்லாம் சூடாக. குத்துவிளக்கு எரிந்தது. சாம்பிராணி போலப் புகை, கொசுவுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். முன்கதவு சாத்தியிருந்தது. நடு இலைப் பக்கத்தில் ஒரு குவளை காப்பியும் ஒரு சுருட்டும் இருந்தன. வயதானவனுக்கு என்று தனியாக வைத்திருக்கிறார்கள், அது எனக்குத்தான் என்று முடிவு செய்தேன். வாங்க என்று சொல்ல ஓர் ஆள் இல்லையே என்று கோபமும் வந்தது. திரும்பிப் போயிருப்பேன். ஆனால் சோற்றின் வாசனை வந்தது. பரிமாறிய இலையை விட்டுவிட்டுப் போவது மரியாதை அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நீயே சொல். படையல் என்றால் நம் வீடுகளில் சுவரோரம் படத்துக்கு முன்னால் ஓர் இலை இருக்கும். அதுவும் போகியன்று நமக்கு ஏது படையல்? பந்தி போல ஏழு இலை போட்டிருந்தால் யார்தான் உட்கார மாட்டார்கள்?

பாதி சாப்பிட்டிருப்பேன். முன்கதவை யாரோ மூன்று தரம் மெதுவாகத் தட்டினார்கள். வாயில் சோற்றோடு, திறந்துதான் இருக்கும், உள்ளே வாங்க என்றேன்.

வெளியே ஒரு பெண்பிள்ளை வீரிட்டது. ஏதோ கீழே விழுந்து உடைந்தது. பிறகு கதவு ஒரு சாண் திறந்தது, சம்பந்தியம்மாளின் தலை தெரிந்தது. அவளுக்குப் பின்னால் மச்சினர் குடும்பம், பிள்ளைகள், எல்லோருடைய முகமும் வெளுத்திருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். தாலாட்டுத் தொட்டில் போல முன்னும் பின்னும் ஆடி, தரையில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நேனே மோயாங்குக்குச் சோறு வெச்சா சம்பந்தி வந்துட்டாரு லா என்றாள்.

நேனே மோயாங் என்றால் செத்துப்போன முன்னோர்கள். போகியன்று அவர்கள் வீட்டில் செத்தவர்களுக்கு இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததை வைத்து, வீட்டுக்காரர்கள் எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பார்களாம். செத்தவர்கள் வந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காக. அதுதான் பர்ச்சு. பிறகு, நாங்கள் வருகிறோம் என்று கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவார்களாம். அந்த நேரத்தில் நான் பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எழப் பார்த்தேன். கால் மரத்திருந்தது. அவள் என் தோளை அழுத்தி, டூடோக், டூடோக், உட்காருங்க, சாப்பிட்டு முடிங்க என்றாள். இது யார் இலை என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, அது அவரோட இலைதான், சுருட்டும் காப்பியும் இல்லாம அவர் சாப்பிட மாட்டாரு என்றாள்.

அப்புவின் இலை.

சிவகாமசுந்தரி, இருபது ஆளை மேய்த்திருக்கிறேன், வெள்ளைக்கார இன்ஜினீயரோடு வாதாடியிருக்கிறேன், யார் முன்னாலும் நான் தலை குனிந்ததில்லை. அந்த இலைக்கு முன்னால் குனிந்தேன். நான் எச்சில் பண்ணிவிட்டேனே, அவர் பசியோடு போய்விடுவாரே என்றேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். செத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்க சம்பந்தி, அவர் உயிரோட இருந்தப்பவே கோவிச்சுக்கல, உங்க வீட்டுலேந்து திரும்பி வந்து வெத்தலையை நாங்களே போட்டுக்கிட்டோம், நல்ல வெத்தலை லா, வீணாக்கலாமா என்றாள். பிறகு உள்ளே போய் ஒரு புது இலையைக் கொண்டு வந்து நடுவில் விரித்தாள். சோற்றுக் கரண்டியை என் கையில் கொடுத்தாள். நீங்களே பரிமாறுங்க என்றாள்.

பரிமாறினேன். முதலில் உப்பு, பிறகு சோறு, மீனில் நடுத்துண்டு. காப்பியை வேறு குவளையில் ஊற்றி வைத்தேன். பரிமாறிவிட்டு எல்லோரோடும் வெளியே வந்தேன். முன்வாசல் வழியாக. கதவைச் சாத்தினார்கள். வெயிலில் முற்றத்தில் பதினோரு பேர் நின்றோம், என்னையும் சேர்த்து. வீரிட்ட பெண்பிள்ளை மட்டும் என்னைப் பார்த்துப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டது. உள்ளே ஒருவர் சாப்பிட நேரம் கொடுத்து நாங்கள் காத்திருந்தோம். நெஞ்சு அடித்துக்கொள்ளப் போகிறது என்று நான் பயந்துகொண்டே நின்றேன். அடிக்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

பிறகு அவர்கள் சாப்பிட்டார்கள். நான் பாயில் சாய்ந்தேன். எழுந்தபோது மாலை விளக்கு ஏற்றியிருந்தார்கள். யாரும் எழுப்பவில்லை.

வியாழக்கிழமை போய் மறுபடி வரிசையில் நின்று பாரத்தை முடித்துக் கொடுத்தேன். அதே குமாஸ்தா. பிள்ளைகள் எத்தனை என்றார். ஒரு மகள் என்றேன். பேர் கேட்டார், எழுத்துக் கூட்டிச் சொன்னேன், பிழையாக எழுதினார், திருத்தச் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் நூற்று ஐம்பது இருந்தது. மிஷினைப் பழுது பார்த்துவிட்டீர்களா என்று கேட்டேன். பார்த்துட்டோம்யா என்றார் தேவதாஸ்.

உனக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான். உனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, மழைக்காற்றில் வெளியே உட்காராதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

கோகிலா,

இனி வருவதை உன் அம்மாவுக்குப் படிக்க வேண்டாம். இன்னும் என்ன எழுதியிருக்கிறார் என்று அவள் கேட்டால் ரோட்டைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று சொல்.

நாலு வருஷமாக நான் உன்னோடு பேசவில்லை என்று இருந்தேன். படிக்கத் தெரியாத உன் அம்மாவுக்கு நான் எதற்காக ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு தடவை திருத்தி நல்ல காகிதத்தில் எழுதினேன் என்று நேற்றுத்தான் யோசித்துப் பார்த்தேன்.

உன் மாமியாரோடு இப்போது தினம் மத்தியானம் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். நீ அந்த வீட்டில் யாரோடு பேசுவாய் என்று கேட்டவன் நான். நீ பேச வைத்தவர்களோடுதான் நான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன்.

தைப்பூசம் கழித்து சிங்கப்பூர் பஸ் ஏறலாம் என்று நினைக்கிறேன். மூவாரிலும் பத்து பகாட்டிலும் இறங்கிப் படகில் ஆற்றைக் கடக்க வேண்டும் என்கிறார்கள். அது எனக்குப் பெரிதல்ல. உன் அம்மாவைக் கூப்பிட்டு வரப் போகிறேன் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது. அவள் வந்தாலும் சரி, அங்கேயே இருந்தாலும் சரி. நான் வர நினைப்பது உன் வீட்டுக்கு.

ஆனால் நீ எழுதாமல் வரமாட்டேன். உன் அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிற கடிதம் வேண்டாம். நீயாக எழுது. நீளமாக எழுதினால் படிப்பேன். ஒரு சொல் எழுதினாலும் போதும். கோபமாக எழுதினாலும் எழுது. ஒன்றுமே வராவிட்டால் குறை சொல்ல மாட்டேன், இங்கே இருந்துகொள்வேன்.

குழந்தையின் பேர் ஒரு கடிதத்திலும் இல்லை. நானாகக் கேட்காமல் எழுதக் கூடாது என்று நீ வைத்திருப்பாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். உன் மாமியாரைக் கேட்டால் சொல்லிவிடுவாள். அவளைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்கிறேன். என்ன பேர் வைத்திருக்கிறாய், அம்மா?

அந்தப் பேருக்கும், உன் புருஷன் தெய்வநாயகத்துக்கும், உனக்கும் என் ஆசீர்வாதம்.

அப்பா